கீமோவுக்கு நடுவே அம்மாவை ரெய்கிக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: தறிவீட்டு மகள், அம்மாபேட்டை

என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, மூன்று வாரங்களுக்கு ஒரு முறை சேலத்திலேயே கீமோ ஏற்றிக்கொள்கிறார். ஆறில் இரண்டு முடிந்துவிட்டன. வாந்தி மாத்திரைக்கு ஓரளவு கட்டுப்படுகிறது. தூக்கம்தான் அடியோடு போய்விட்டது. நள்ளிரவில் எழுந்து, தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாடாவைத் தொடாமல், பாவின் மேல் உள்ளங்கையை வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஏற்காட்டில் ரெய்கி, அதாவது உடலில் கை வைத்து ஆற்றலைச் செலுத்துவதாகச் சொல்லும் முறை, பார்க்கும் ஒருவரிடம் பேசினேன். வாரம் ஒரு முறை வீதம் ஐந்து முறை வர வேண்டும், ஒரு முறைக்கு 1,500 ரூபாய் என்றார். நம்பிக்கையோடு 2,000 ரூபாய் முன்பணமும் அனுப்பிவிட்டேன். அதன்பிறகுதான், உடலில் ஆற்றல் நிலைகொள்வதற்காக மூன்றாவது கீமோவை ஒரு மாதம் தள்ளிப்போடுவது நல்லது என்று சொன்னார். அது எனக்கு உறுத்துகிறது. ரெய்கியால் பயன் உண்டா, தீங்கு ஏதும் உண்டா, மருத்துவரிடம் சொன்னால் கோபிப்பாரா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், சூரமங்கலம்

மகளே, கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். தேதியை மாற்றும் உரிமை உங்கள் புற்றுநோய் மருத்துவருக்கு மட்டுமே உண்டு. அவரும் இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் போதுமான அளவுக்கு ஏறவில்லை என்பது போன்ற காரணம் இருந்தால்தான் மாற்றுவார். சாதாரண உயிரணுக்கள் தேறி வருவதற்கும், மிஞ்சியிருக்கும் புற்றணுக்கள் தலைதூக்காமல் இருப்பதற்கும் நடுவே கணக்குப் பார்த்து வைத்த இடைவெளிதான் அந்த மூன்று வாரம்.

அடுத்தது, மலைப்பயணம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 20 இருக்கின்றன. உடம்பு நன்றாக இருப்பவர்களே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிற பாதை அது. கீமோ ஏற்றிய வாரத்தில் அம்மாவை அதில் அழைத்துச் சென்றால், அங்கே கிடைக்கும் அமைதி எதுவாயினும் அடிவாரத்துக்கு இறங்கி வருவதற்குள் வாந்தியில் போய்விடும். தவிர, கீமோ முடிந்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாள்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால், நடு இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது நீங்கள் மலைமேல் இருக்கக் கூடாது.

மருத்துவர் கோபிப்பாரோ என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். வெறுமனே கை வைப்பதை அவர்கள் பொதுவாகப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கூடவே கஷாயம், சூரணம் என்று ஏதாவது கொடுக்கிறார்களா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது. அவற்றுள் சில கீமோ மருந்தோடு மோதும். தூக்கமின்மையையும் தவறாமல் சொல்லுங்கள். வாந்திக்காகக் கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையே தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். அதைக் காலையிலேயே விழுங்கும்படி நேரத்தை மாற்றித் தரலாமா என்று கேளுங்கள்.

பதில் 2: இயற்பியல் ஆசிரியர், ஆத்தூர்

ரெய்கி என்பது ஏதோ பழங்காலத்து வித்தை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இதன் வயது ஏறத்தாழ நூறு ஆண்டுதான். ஜப்பானில் மிகாவோ உசுய் என்பவர், கியோட்டோவுக்கு அருகிலுள்ள குராமா மலையில் 21 நாள் நோன்பிருந்தபோது இந்த ஆற்றலை உணர்ந்ததாகக் கூறி, 1922இல் கற்பிக்கத் தொடங்கினார், 1926இல் இறந்துவிட்டார். அவருடைய மாணவரான சுஜிரோ ஹயாஷி என்ற முன்னாள் கடற்படை அதிகாரியிடம் கற்ற ஹவாயோ தகாட்டா என்ற பெண்மணிதான் இதை ஹவாய்க்குக் கொண்டு சென்றார். உலகெங்கும் பரவியது அங்கிருந்துதான்.

'கி' என்று அவர்கள் சொல்வது நாம் பிராணன் என்று சொல்வதற்கு நெருக்கமானது. அப்படியோர் ஆற்றலை எந்தக் கருவியும் இதுவரை அளந்ததில்லை. கையால் உணர முடிகிறது என்பவர்களுக்கு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஒரு சோதனையை நினைவூட்டுவேன். ரெய்கிக்கு ஒன்றுவிட்ட உறவான 'சிகிச்சைத் தொடுகை' என்ற முறையைப் பயின்ற 21 பேரை, எமிலி ரோசா என்ற பள்ளிச் சிறுமி, ஒரு தடுப்புக்கு அப்பால் இரு கைகளையும் நீட்டச் சொன்னாள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அவற்றுள் ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடித்து, எந்தக் கை என்று கேட்டாள். 280 முறை கேட்டதில் சரியான விடை 44 விழுக்காடு மட்டுமே வந்தது; கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலே பாதி சரியாக இருந்திருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இதைச் சொல்கிறேன். அறிவியலுக்குப் பெரிய ஆய்வகம் வேண்டும் என்ற நினைப்பு அன்றோடு போய்விடும்.

உங்கள் அம்மாவின் நிலைக்குப் பொருந்துவது 2011இல் வந்த இன்னொன்று. கீமோ ஏற்றிக்கொண்டிருந்த 189 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ரெய்கி தெரிந்தவர் கை வைத்தார். இன்னொரு பிரிவினருக்கு ரெய்கியே தெரியாத ஒருவர் அதே போலக் கை வைத்து நடித்தார். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் இரண்டு பிரிவினருக்குமே உடலும் மனமும் இலேசானதாகத் தெரிந்தது, மூன்றாம் பிரிவினருக்கு அப்படி இல்லை. இதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: ஒரு மனிதர் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து கை வைப்பதில் ஆறுதல் இருக்கிறது, ரெய்கிப் பயிற்சியில் கொடுக்கும் தீட்சையும் குறியீடுகளும் அந்த ஆறுதலோடு எதையும் கூட்டவில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ரெய்கி உதவுமா என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் ஆராய்ந்தபோது, தகுந்த ஆய்வுகள் மூன்று மட்டுமே கிடைத்தன. அவற்றில் இருந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். உதவும் என்றோ உதவாது என்றோ சொல்ல அது போதாது என்று எழுதிவிட்டார்கள்.

தள்ளிப்போடுவதைப் பற்றிச் செவிலியர் அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். துணைச் சிகிச்சைகளை நாடிய புற்றுநோயாளிகளைப் பற்றி 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. துணைச் சிகிச்சை நஞ்சாக இருந்து அப்படி ஆகவில்லை. அவர்களில் பலர் அறுவையையோ கீமோவையோ கதிரியக்கத்தையோ வேண்டாம் என்று ஒதுக்கியதே காரணம்.

பதில் 3: ரெய்கி பயிற்றுநர், அஸ்தம்பட்டி

ஆசிரியர் ஐயா எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பல ஆண்டுகளாக என் உள்ளங்கையில் உணரும் சூட்டை அந்தச் சிறுமியின் நாணயம் தீர்த்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கீமோவைத் தள்ளிப்போடச் சொன்னவரை என் தொழிலைச் சேர்ந்தவர் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே சொன்னது, நோயைப் பெயரிடாதே, மருந்தை நிறுத்தச் சொல்லாதே என்பதுதான். ஆயுஷ் பட்டியலில் உள்ள சித்தா, ஆயுர்வேதம் போல ரெய்கி அரசு அங்கீகரித்த மருத்துவ முறையும் அன்று; எங்கள் சுவரில் தொங்கும் சான்றிதழ் யாரையும் மருத்துவராக்கிவிடாது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

முறையான அமர்வு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். உடையைக் களைய வேண்டியதில்லை. படுக்க வைத்து, தலையில் தொடங்கிப் பாதம் வரை ஒவ்வோரிடத்திலும் சில நிமிடங்கள் கை வைப்போம். அழுத்துவதோ பிடித்துவிடுவதோ கிடையாது. உங்கள் அம்மாவுக்கு அறுவை நடந்த பக்கத்து மார்பிலும் அக்குளிலும் கையிலும் தொடாமல், சற்று மேலே நிறுத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். வருபவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். சளி, இருமல் இருந்தால் அன்று வரவே கூடாது. இதற்கு மலைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை, உங்கள் வீட்டுக் கட்டில் போதும்.

ரெய்கியில் இரண்டாம் நிலை கற்றவர்கள் தொலைவிலிருந்தும் ஆற்றலை அனுப்பலாம் என்பது எங்கள் நம்பிக்கை. நானும் நம்புகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

பதில் 4: குகைக்காரன்

என் பாட்டியிடம் காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். திருநீற்றை நெற்றியில் வைத்து, வேப்பிலையால் மூன்று முறை நீவி, "நாளைக்கும் அனலடித்தால் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடு" என்று சொல்லித்தான் அனுப்புவார். கூலி வெற்றிலை பாக்கு மட்டும்.

மீண்டும் தறிவீட்டு மகள்

அனைவருக்கும் நன்றி. மூன்றாவது கீமோ குறித்த தேதியிலேயே முடிந்தது. மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்; அவர் கோபிக்கவில்லை, குடிக்க எதுவும் கொடுத்தார்களா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். மாத்திரையின் நேரத்தைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார்.

ரெய்கிக்கு யாரையும் அழைக்கவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து என் சித்தி இரவு ஒன்பது மணிக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, அம்மாவின் நெற்றியிலும் வயிற்றிலும் மாறி மாறிக் கை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எந்தக் குறியீடும் தெரியாது. நாற்பது ஆண்டு நாடா தள்ளிக் காய்த்துப்போன கை அது. முதல் இரவு அம்மா, "கை சொரசொரவென்று இருக்கிறது, எடு" என்றார். நான்காவது இரவு சித்தி வரத் தாமதமானபோது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மூன்று மணி வரையாவது தூங்குகிறார். மாத்திரையின் நேரத்தை மாற்றியதாலா, சித்தியின் கையாலா என்று ஆசிரியர் ஐயா கேட்பார். பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். தினமும் மலையிலிருந்தே அம்மாவுக்கு ஆற்றலை அனுப்பிக்கொண்டிருப்பதாகவும், அந்தக் கணக்கில் 2,000 ரூபாய் நேராகிவிட்டதாகவும் சொல்கிறார்.