மறு: சைனசைட்டிஸ் – ‘காற்றறை அழற்சி’ சரியா?

> ‘நாசிக்குழி அழற்சி’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. சைனஸ் அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் வைக்கத்தானே இந்தத் தமிழ்ச் சொற்களைத் தேடுகிறோம். நாசிக்குழி மூக்கின் உட்புறம். சைனஸ் அதைச் சுற்றி, கன்னத்திலும் நெற்றியிலும் கண்களுக்கு நடுவிலும் இன்னும் உள்ளே தள்ளியும் இருக்கும் காற்று அறைகள். மொத்தம் நான்கு இணை. சைனஸுக்கு இந்த இழையில் அக்கா எழுதிய ‘எலும்புப்புரை’ நல்ல சொல். ஆனால் எங்கள் கடலூர்ப் பக்கம் புரை என்றாலே கண்புரைதான், கண் ஆபரேஷனா என்று கேட்பார்கள். பீனிசம் என்பது நோயின் பெயர், உறுப்புக்கு உதவாது.

“எனக்கு சைனஸ் இருக்கு” என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். உறுப்பின் பெயரே நோயின் பெயராகிவிட்டதால், ஆபரேஷன் என்றதும் அதை எடுத்துவிடுவார்கள் என்று பயம். போன மாதம் தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவருக்கு ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினேன். “சைனஸை எடுத்துட்டா மூஞ்சி ஒடுங்கிடுமா சிஸ்டர்?” என்றார். சி.டி. படத்தை விளக்கொளியில் பிடித்து, கறுப்பாக இருக்கவேண்டிய கன்னத்து அறை சாம்பலாக அடைத்துக் கிடப்பதையும், மூக்குப் பக்கம் மேலே இருக்கும் அதன் வாயையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “முகத்துவாரம் தூர்ந்துபோச்சு, உள்ள தண்ணி தேங்கி நாறுது” என்றார்.

அதேதான். அறையின் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கி அந்த வாய்க்கே தள்ளுகின்றன. முன்பெல்லாம் மேலுதட்டுக்கு உள்ளே கீறி, அறையைச் சுரண்டி, கீழே புதுத் துளை போட்டார்கள். அப்போதும் சளி பழைய வாயைத் தேடியே போனது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் இந்த ஓட்டத்தை எண்டோஸ்கோப்பில் (உள்ளே விட்டுப் பார்க்கும் குழாய்) ஆராய்ந்த பிறகு வழி மாறியது. 1980களில் மூக்குத் துளை வழியாகவே இயற்கை வாயைத் திறந்துவிடும் அறுவை பரவியது.

இதற்குத்தான் நம் பழைய கலைச்சொல் பட்டியலில் ‘செயல்சார் அகநோக்கிப் புழை அறுவை’ என்று இருக்கிறது. ஆங்கிலப் பெயருக்குச் சொல்லுக்குச் சொல் சரி. வாசித்துக் காட்டினால் ஒருவருக்கும் விளங்குவதில்லை. ‘அறைவாய்த் திறப்பு’ என்று வைப்போம். சைனஸ் ‘காற்றறை’, அதன் துளை ‘அறைவாய்’. 12 வாரம் தாண்டியும் தீராதது ‘நாள்பட்ட காற்றறை அழற்சி’. முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் படிவத்தில் பார்த்தால் முகத்தில் துளை போடுவதாகப் படும்!

‘அறைவாய்த் திறப்பு’ என்ற பெயரில் இன்னொரு வசதி. சிகிச்சையில் முதலில் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, ஸ்டீராய்டு ஸ்ப்ரே. அதில் கேட்காவிட்டால்தான் அறுவை. அறுவைக்கு அப்புறமும் கொதித்து ஆறிய நீரில் உப்புக் கலந்து கழுவவேண்டும், ஸ்ப்ரேயும் தொடரவேண்டும். “ஆபரேஷன் முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு மருந்து?” என்று கேட்டால், “வாய் திறந்தாச்சு, இப்பத்தான் மருந்து உள்ளே போகும்” என்று சொல்ல முடிகிறது.

மூக்குக்குள் தொங்கி வளரும் மென்சதையான பாலிப்புக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘மூக்குச்சதை’ என்று ஊரே சொல்கிறது, ஆனால் மூக்கின் பக்கச்சுவரில் இயல்பாகவே இருக்கும் மடிப்பான டர்பினேட் வீங்கினாலும் அதே சொல்தான். இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். படிவம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.