நிலையான இடமில்லாத ஆட்டக்காரருக்கு 5.6 கோடி டாலர் ஏன்?

மாலைநேர_ரசிகன்:
அமெரிக்க பேஸ்பாலில் 'யுட்டிலிட்டி பிளேயர்' என்பவர் காயமடைந்தவரின் இடத்தை நிரப்பும் மாற்று ஆட்டக்காரர் என்றே பலரும் விளக்குகிறார்கள். அப்படியானால், பல இடங்களில் ஆடிவந்த பென் ஸோப்ரிஸ்ட்டை, அவருக்கு 34 வயதானபோது, 2015 டிசம்பரில் சிகாகோ கப்ஸ் அணி நான்கு ஆண்டுகளுக்கு 5.6 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தது ஏன்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பத்தாம்_இன்னிங்ஸ்:
முதலில் கணக்கைப் பாருங்கள். அவர் ஆடிய காலத்தில் ஓர் அணியின் பட்டியலில் பருவத்தின் பெரும்பகுதிக்கு 25 பேர்தான். அதில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் பிட்சர்களாகவே, அதாவது பந்து வீசுபவர்களாகவே, போய்விடுவார்கள். தொடக்க ஆட்டக்காரர்களையும் இரண்டாவது கேட்சரையும் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) கழித்தால், களத்தின் மற்ற எல்லா இடங்களுக்கும் சேர்த்து மூன்று நான்கு பேரே மிஞ்சுவார்கள். அதனால் ஏழு இடங்களில் ஆடத் தெரிந்தவர் பட்டியலில் ஓர் இடத்தையே மிச்சப்படுத்தித் தருகிறார்.

மூலைக்களம்:
கணக்கு சரிதான், ஆனால் அது மட்டுமே காரணமென்றால் எல்லா யுட்டிலிட்டி ஆட்டக்காரர்களும் செல்வந்தர்களாகியிருப்பார்கள். பெரும்பாலோருக்கு மட்டை கைகொடுக்காது. அதனாலேயே பெஞ்சில் அமர்கிறார்கள். ஸோப்ரிஸ்ட்டின் தொடக்கமும் அப்படித்தான் இருந்தது. அணிகள் புதிய ஆட்டக்காரர்களைச் சுற்றுச்சுற்றாக எடுக்கும் தேர்வில், 2004இல் ஆறாம் சுற்றில் ஹூஸ்டன் அணி அவரை எடுத்தது. 2006 ஜூலையில் ஆப்ரி ஹஃப் என்ற ஆட்டக்காரரைப் பெறுவதற்காக டாம்பா பே அணிக்கு விட்டுக்கொடுத்தது. அங்கு முதலிரண்டு பருவங்களில் அவர் ஷார்ட்ஸ்டாப்பாக (ஓடுபவர்கள் தொட்டுச் செல்லும் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவராக) நிலைபெறவில்லை. 2009இல், பயிற்சியாளர் ஜோ மேடனின் கீழ், பிட்சர், கேட்சர் தவிர்த்த எல்லா இடங்களிலும் ஆடிக்கொண்டே 27 ஹோம் ரன்களும் .297 அடிச் சராசரியும் எடுத்து, சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். வலது கை, இடது கை இரண்டிலும் அடிப்பவர் என்பதால், எதிரணி வலது கை பிட்சருக்குப் பதில் இடது கை பிட்சரைக் கொண்டுவந்தாலும் அவரை வெளியே எடுக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ஆடுபவர், ஆனால் இடம் மட்டும் மாறும். அதற்குத்தான் அந்தத் தொகை என்பது என் கருத்து.

செகண்ட்பேஸ்_பித்தன்:
இடம் மாறுவதைச் சுலபமாக எண்ணிவிடக் கூடாது. ஒரே பந்தில் இருவரை வெளியேற்றும் இரட்டை அவுட் எடுக்கையில் ஷார்ட்ஸ்டாப்புக்கு, பேஸை நோக்கி ஓடிவருபவர் கண்ணெதிரே தெரிவார். செகண்ட் பேஸில் நிற்பவரோ பக்கவாட்டிலிருந்து வரும் பந்தை வாங்கி, தன்னை நோக்கிச் சறுக்கி வருபவரைச் சரியாகப் பார்க்காமலேயே உடலைத் திருப்பி எறிய வேண்டும். பேஸ்களுக்கு அப்பாலுள்ள வெளிக்களமான அவுட்ஃபீல்டுக்குப் போனால் கிளவுஸே நீளமானது, பந்து வரும் கோணமும் வேறு.

கப்ஸ் அணிக்கு அந்த முதலீடு எங்கே பலித்தது என்பதை பருவத்தின் இறுதித் தொடரான 2016 உலகத் தொடரில் காணலாம். அந்தப் பருவத்தில் பெரும்பாலும் செகண்ட் பேஸில் ஆடிய ஸோப்ரிஸ்ட்டை வெளிக்களத்தின் இடப்பக்கமான லெஃப்ட் ஃபீல்டுக்கு அனுப்பியதால்தான், தடுப்பாட்டத்தில் அபாரமான ஹாவியர் பயஸை செகண்ட் பேஸில் நிறுத்த முடிந்தது. கிளீவ்லாந்தில் நடந்த ஏழாம் ஆட்டத்தில், 6–6 என்ற நிலையில் பதினேழு நிமிட மழை இடைவெளிக்குப் பின், பத்தாம் இன்னிங்ஸில் எதிரணி பிட்சர் பிரையன் ஷாவின் பந்தை ஸோப்ரிஸ்ட் இடப்பக்கக் கோட்டையொட்டி அடித்த டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடி) கப்ஸை முன்னிலைக்குக் கொண்டுவந்தது. 8–7 என வென்ற அந்த அணிக்கு 1908க்குப் பிறகு அதுவே முதல் பட்டம். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஸோப்ரிஸ்ட்டுக்கே சென்றது.

யுட்டிலிட்டி ஆட்டக்காரருக்கென்று தனி கோல்ட் கிளவ் (சிறந்த தடுப்பாட்டத்துக்கான) விருது 2022இல்தான் தொடங்கியது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பது எனக்கு இன்றும் குறைதான்.