ஜோஜோ மூன்றாம் பாகம்: 13 பகுதி ஓ.வி.ஏ.வா, 48 பகுதித் தொடரா?

பாலைவனநிழல்:

"ஸ்டார்டஸ்ட் க்ரூசேடர்ஸ் கதையைக் கேசட்டில் விற்பதற்காகக் குதறிவிட்டார்கள். 2014இல் தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகு அந்த ஓ.வி.ஏ.வை யாரும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை" என்று கடைசிப்பெட்டி வேறோர் இழையில் எழுதியிருந்தார். (ஓ.வி.ஏ. என்றால் தொலைக்காட்சிக்கு வராமல் நேராகக் கேசட்டில் விற்கும் அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடம்.) எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அதற்காகவே இந்தப் புது இழை.

மங்கா (ஜப்பானியப் படக்கதை) படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹிரோஹிகோ அராகி 1989 முதல் 1992 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் 152 அத்தியாயங்களாக எழுதி வரைந்த, 'ஜோஜோ' மங்காவின் மூன்றாம் பாகம் இது. டியோ என்ற இரத்தக்காட்டேரி கெய்ரோவில் பதுங்கியிருக்கிறான். அவனால் கதாநாயகன் ஜோதாரோவின் தாய் சாகக் கிடக்கிறாள். 50 நாள் கெடு. ஜோதாரோ, அவன் தாத்தா ஜோசஃப், கூட்டாளிகள் அவ்டோல், காக்யோயின் எல்லோரும் டோக்கியோவிலிருந்து எகிப்துக்குப் புறப்படுகிறார்கள். வழியில் போல்னாரெஃப்பும் இக்கி என்ற நாயும் சேர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 'ஸ்டாண்ட்' என்ற ஆவிசக்தி துணை. வழி நெடுகிலும் டியோவின் ஆட்கள் வந்து தாக்குகிறார்கள்.

ஏ.பி.பி.பி. நிறுவனம் 1993-94இல் இதை நேரடி வீடியோவாக ஆறு பகுதிகளில் எடுத்தது. அந்த ஆறும் பயணத்தின் தொடக்கத்தைத் தொடவே இல்லை. முதல் காட்சியிலேயே நாம் எகிப்தியப் பாலைவனத்தில் நிற்கிறோம். விட்டுப்போன முன்பாதி 2000-02இல் ஏழு பகுதிகளாக வந்தது. கடைசிப்பெட்டி குதறல் என்று சொல்வது இதைத்தான். அது துணிச்சலான, சரியான முடிவு என்பது என் கட்சி.

என்டூல் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். டியோவின் ஆளான அவன் பார்வையற்றவன். பல கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து, மணலில் ஊன்றிய கைத்தடி வழியே காலடி ஓசையைக் கேட்டே குறிபார்க்கிறான். அசைந்தால் சாவு. அவ்டோல் தன் கைவளையங்களைக் கழற்றி, யாரோ நடந்து போவது போல ஒவ்வொன்றாகச் சீரான இடைவெளியில் மணலில் எறிகிறான். மங்காவில் அந்த ஓசையை எழுத்தாகத்தான் வரைய முடியும். காதால் நடக்கும் சண்டைக்குக் காது கொடுக்க அனிமேயால்தான் முடியும். ஓ.வி.ஏ. தன் முதல் பகுதியையே அந்தச் சண்டைக்கு ஒதுக்கியது. எங்கே தொடங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கடைசிப்பெட்டி:

குதறல் என்ற சொல்லிலிருந்து நான் பின்வாங்கப் போவதில்லை. என்டூல் சண்டை நல்ல சண்டைதான், யார் மறுத்தார்கள்? ஆனால் 1993இல் கேசட்டைப் போட்டவர் முன்னால் ஐந்து பேர் பாலைவனத்தில் நிற்கிறார்கள். இவர்கள் யார், ஏன் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கத் துணிகிறார்கள்? போல்னாரெஃப்பின் தங்கையைக் கொன்றவனுக்கு இரண்டு கைகளுமே வலக்கை. அவனைத் தேடித்தான் போல்னாரெஃப் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தான். கல்கத்தாவில் பழிதீர்த்த பிறகும் அவன் ஊர் திரும்பவில்லை, கூடவே வருகிறான். அந்தப் பாத்திரத்தின் முதுகெலும்பே அதுதான். அதை ஏழு ஆண்டு கழித்து வேறு தொகுதியில் தருவது எந்த ஊர் நியாயம்?

இது பயணக்கதை. தூரம்தான் இதன் உயிர். கப்பலில், ரயிலில், ஜீப்பில், ஒட்டகத்தில் இத்தனை நாள் இவர்களோடு கூடவே வந்தவனுக்குத்தான் கெய்ரோ மாளிகையில் அவ்டோல் மறையும்போது நெஞ்சு அடைக்கும். ஓ.வி.ஏ.வில் அவன் சில பகுதிகளுக்கு முன்னால் அறிமுகமான ஒரு ஆள், அவ்வளவே.

வெட்டியவற்றின் பட்டியலையும் பாருங்கள். இக்கியும் பெட் ஷாப் என்ற வல்லூறும் மோதும் சண்டை கிடையாது. ஒரு நாயும் ஒரு பறவையும் உயிருக்குப் போராடும் அத்தியாயங்கள் அவை. அனிமேயின் பலம் ஓசை என்றால் அதை ஏன் விட்டார்கள்? டியோவின் ஆளான சூதாடி டார்பியின் தம்பி டெரென்ஸும் கிடையாது.

பாலைவனநிழல்:

1993இல் கேசட் வாங்கியவர் யார் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். மங்கா முடிந்தது 1992இல். மறு ஆண்டே கேசட். வாரந்தோறும் மூன்று ஆண்டு இந்தப் பயணத்தில் கூடவே போன வாசகர்தான் காசு கொடுத்து அதை வாங்கினார். போல்னாரெஃப் யார் என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. 1983இல் முதல் ஓ.வி.ஏ. வந்ததிலிருந்தே இந்த வடிவத்தின் கணக்கு அதுதான்: விளம்பரதாரர் இல்லை, ஒளிபரப்பு நேரம் இல்லை, தெரிந்து வாங்குபவர் மட்டும் உண்டு. தெரிந்தவரிடம் கதையை நடுவில் தொடங்கலாம்.

டெரென்ஸ் இல்லை என்கிறீர்கள். அண்ணன் டார்பி இருக்கிறான், அவனுக்கென்றே ஒரு முழுப் பகுதி இருக்கிறது. அந்தப் போக்கர் ஆட்டத்தைத்தான் உங்களிடம் கேட்க நினைத்தேன். தோற்றவனின் ஆன்மாவைச் சூதாட்டக் காசாக்கி வைத்துக்கொள்பவன் டார்பி. ஜோதாரோ தன் ஐந்து சீட்டுகளையும் திருப்பிப் பார்க்காமலே பந்தயம் கட்டுகிறான். காக்யோயினின் ஆன்மாவை வைக்கிறான், தாயின் ஆன்மாவையும் வைக்கிறான். நடுவில் அவன் வாயில் சிகரெட் பற்றியிருக்கிறது. எப்போது பற்றவைத்தான் என்று டார்பிக்குத் தெரியவில்லை. சிகரெட்டையே கவனிக்கத் தவறியவன், சீட்டை மாற்றினால் மட்டும் எப்படிக் கவனிப்பான்? டார்பியின் நம்பிக்கை உடைவது அங்கேதான்.

2014இல் தொடங்கிய தொடரின் ஒளிபரப்பில் அந்த முகத்தை எப்படிக் காட்டினார்கள்? ஜோதாரோ பதினேழு வயதுப் பள்ளி மாணவன் என்பதால், அவன் புகைக்கும் இடங்களிலெல்லாம் வாயின் மேல் கறுப்பு நிழலைப் பூசினார்கள். கதையே அந்தச் சிகரெட்டில் நிற்கிறது, அதன் மேல் கறுப்புத் திட்டு! நேரடி வீடியோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கடைசிப்பெட்டி:

நிழல் பூசியது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதே தொடர் டார்பிக்கு இரண்டு முழுப் பகுதிகள் தந்தது. பூனை எந்தத் துண்டை முதலில் கவ்வும் என்ற பந்தயத்தில் போல்னாரெஃப் தோற்கிறான். விளிம்புவரை நிறைந்த கோப்பையில் காசு போடும் ஆட்டத்தில் ஜோசஃப் தோற்கிறார். இரண்டு தோல்வியும் நிதானமாக நமக்குள் இறங்கினால்தான் மூன்றாவது ஆட்டத்தில் கை நடுங்கும்.

வாங்கியவர் எல்லாம் மங்கா வாசகர் என்ற வாதமும் எனக்குச் செரிக்கவில்லை. புத்தகத்தைப் படித்தால்தான் புரியும் என்றால் அது தழுவல் ஆகாது, புத்தகத்துக்கு இணைப்பு மட்டுமே.

கீழக்கரைக்காற்று:

ஒளிபரப்புக் கட்டுப்பாடு இல்லாததை வரமாக மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2008இல் நடந்ததை யாரும் சொல்லவில்லையே.

டியோ தன் அறையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் காட்சி ஓ.வி.ஏ.வில் வருகிறது. ஏட்டில் அரபி எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அது குர்ஆனின் பக்கம். எதிரிகளைக் கொல்லச் சொல்பவன் கையில் அந்த ஏடு இருப்பதை அரபு நாடுகளில் பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். மங்காவில் அந்த எழுத்து இல்லை. அனிமே எடுத்தவர்கள் என்னவென்று தெரியாமலே எங்கிருந்தோ எடுத்து வைத்தது. ஷுயெய்ஷா பதிப்பகமும் ஏ.பி.பி.பி.யும் மன்னிப்புக் கேட்டு விற்பனையை நிறுத்தின. மங்காவின் மறுபதிப்பும் நின்றது.

வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எகிப்தில் நடக்கும் கதை இது. அதன் தெருக்களையும் கட்டடங்களையும் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். அந்த மக்களின் எழுத்தை மட்டும் சுவர் அலங்காரம் போல எடுத்து ஒட்டினார்கள். அரபி தெரிந்த ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தால் போதும். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது இன்றும் வலிக்கிறது. ஓ.வி.ஏ.வைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பாலைவனநிழல்:

சேர்த்தே பேசுகிறேன். அது பெரும் பிழை, மன்னிப்புக் கேட்டது சரி. ஆனால் பழியை வடிவத்தின் மேல் போடுவதைத்தான் ஏற்க மாட்டேன். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நிலையத்தில் இரத்தத்துக்குத் தணிக்கை இருந்திருக்கலாம். அரபி படிக்கத் தெரிந்தவர் அங்கே உட்கார்ந்திருந்திருப்பாரா? அறியாமை எந்த வடிவத்திலும் நுழையும்.

கீழக்கரைக்காற்று:

நுழையும். ஆனால் வாரம் ஒரு பகுதி முடித்தாக வேண்டிய நெருக்கடியில் நுழைந்தால் ஒருவிதமாக ஏற்கலாம். அவசரமின்றி நுணுக்கமாக வரைய முடியும் என்பதே இந்த வடிவத்தின் பெருமை என்பார்கள். அத்தனை அவகாசமும் எதற்குப் போனது என்பதுதான் என் கேள்வி.

சிங்கைவாசகி:

கடைசிப்பெட்டி அண்ணன் பக்கம் நான். என் ஊர் வருகிற ஒரே ஜப்பானிய சாகசக்கதை என்று பள்ளிக் காலத்தில் இதைத் தேடிப் படித்தேன். சிங்கப்பூர் விடுதியும் கேபிள் காரும் அதற்கப்புறம் இந்தியாவுக்குப் போகும் ரயிலும்தான் எனக்கு இந்தக் கதை. கல்கத்தாவில் இறங்கியதும் கூட்டம் மொய்க்க, ஜோசஃப் திணறிப்போகும் பக்கங்களை எத்தனை முறை திருப்பியிருப்பேன்! ஆறு பகுதித் தொகுப்பில் இது ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பழையலேசர்டிஸ்க்:

இருதரப்பும் ஒன்றைப் பார்க்காமல் பேசுகிறீர்கள். அந்தக் காலத்தில் இதே வகை மங்காக்களை ஓ.வி.ஏ. ஆக்கியவர்கள் என்ன ஆனார்கள்?

'3x3 ஐஸ்' என்ற கதையை எடுத்துக்கொள்வோம். யூஸோ தகாதாவுடையது. நம்மவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும் கதை. மூன்று கண் கொண்ட இனத்தின் கடைசிப் பெண், அவளுடைய இன்னொரு பெயர் பார்வதி. எதிரியின் பெயர் சிவன் என்பதும், அவனுடைய அழியாத ஏவலாளின் பெயர் பெனாரஸ் என்பதும் நமக்கு நெருடும், அது தனிக்கதை. மங்கா 1987இல் தொடங்கி 2002வரை 40 தொகுதிகள். ஓ.வி.ஏ. 1991-92இல் நான்கு பகுதி, 1995-96இல் மூன்று பகுதி. ஆரம்பத்திலிருந்து ஒழுங்காக, வரிசையாகத்தான் தொடங்கினார்கள். கதவைத் திறந்து வாசலைக் காட்டியதோடு நின்றுபோனது. இன்றுவரை அனிமேயில் அந்தக் கதைக்கு முடிவு இல்லை.

'உஷியோ தொ தோரா' 33 தொகுதி. 1992-93இல் பத்துப் பகுதி ஓ.வி.ஏ., அதற்குமேல் இல்லை. 2015இல் தொலைக்காட்சிக்கு வந்த பிறகுதான் அதன் கடைசிப் போரைத் திரையில் பார்க்க முடிந்தது. இருபது ஆண்டுக்கு மேல் காத்திருப்பு.

வரிசைப்படி தொடங்கியவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஏ.பி.பி.பி. முடிவிலிருந்து தொடங்கியது, அதனால் 1994லேயே முடிவைக் காட்டிவிட்டது. கேசட் விற்கவில்லை என்றால் அடுத்தது வராது என்று தெரிந்த தொழிலில் எதை முதலில் எடுப்பாய் என்பதுதான் முதல் கேள்வி. 1993இல் டோக்கியோவிலிருந்து தொடங்கியிருந்தால், ஆறு பகுதி முடிவில் இவர்கள் கல்கத்தாவைத் தாண்டியிருப்பார்களா என்பதே சந்தேகம். டியோவுடனான கடைசிச் சண்டையை 2015வரை யாரும் திரையில் பார்த்திருக்க முடியாது.

கடைசிப்பெட்டி:

இதுவரை வந்ததிலேயே கனமான வாதம் இதுதான். ஆனாலும் இது முதலீட்டாளரின் நியாயம். முடிவைக் காப்பாற்றினார்கள், சரி. காப்பாற்றிய முடிவு எப்படி வந்தது?

காக்யோயின் சாகும் இடம். இருபது மீட்டர் ஆரத்துக்குத் தன் ஸ்டாண்டை நூல்நூலாக வலையாக்கிக் கட்டி டியோவை நடுவில் நிறுத்துகிறான். மறுகணம் அவன் வயிற்றில் துளை. நூல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்திருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அறுந்திருந்தால் அவன் உணர்ந்திருப்பான். அப்படியானால் நடுவில் நேரமே ஓடவில்லை, டியோ நேரத்தை நிறுத்துகிறான்! உயிர் போகும் நேரத்தில் இதைக் கண்டுபிடித்து, கடைசி பலத்தில் கோபுரக் கடிகாரத்தை உடைத்து ஜோசஃபுக்குச் சேதி அனுப்புகிறான். மங்கா வாசகனுக்கு அந்த நூல் பழகிய ஒன்று. பயணம் முழுக்க அவன் எங்கெங்கே எப்படி அதை நீட்டுவான் என்று பார்த்தவன். அதனால்தான் "ஒரே நேரத்தில் அறுந்தது" என்ற ஒரு வரி இடியாக இறங்குகிறது. ஓ.வி.ஏ. மட்டும் பார்த்தவனுக்கு அது வெறும் விளக்கம்.

கூடவே ஒன்று. டியோ ஜோதாரோவின் மேல் ரோடு ரோலரைக் கொண்டுவந்து போடும் காட்சியை எண்ணெய் டேங்கர் லாரியாக மாற்றினார்களே, அது எதற்கு? இப்படியொரு விபரீதத்தை வரைந்ததால்தானே அவர் அராகி!

பாலைவனநிழல்:

டேங்கர் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன், எனக்கும் ரோலர்தான் வேண்டும். தெருவில் போகும் டேங்கர் வெடித்தால் நம்பலாம் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஓ.வி.ஏ. முழுக்கவே நிறத்தில், முகத்தில், நகரத்தில் நம்பகத்தன்மையைத் தேடியது. ஒலிக்குறிப்பைக்கூடத் திரையில் எழுதிக் காட்டவில்லை. தொலைக்காட்சித் தொடர் அராகியின் எழுத்துகளையே திரைக்குக் கொண்டுவந்தது; அதற்கு அவருடைய கைதான் வேண்டியிருந்தது, ஓ.வி.ஏ.வுக்கு அவர் ஊட்டும் பயம் வேண்டியிருந்தது.

காக்யோயின் விஷயத்தில் மட்டும் முழுதாக மறுக்கிறேன். அவன் ஸ்டாண்டைப் பற்றி நூறு அத்தியாயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நூல் கட்டினான், எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்தது, கடிகாரத்தை உடைத்தான். இந்த மூன்றையும் பார்த்த எவரும் ஜோசஃபோடு சேர்ந்து யோசிக்கத் தொடங்கிவிடுவார். டியோவின் சக்தியை நெருங்கும் அந்த ஐந்தாம் பகுதியின் திரைக்கதை சதோஷி கோன் எழுதியது. இயக்குநராகப் பெயர் வாங்குவதற்கு முன் அவர் கைவைத்த வேலை. கண்ணால் பார்த்தது உண்மைதானா என்று பார்வையாளரைத் திணற வைக்கும் கலையை அங்கேயே பழகியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 48 பகுதியைப் பார்த்து முடித்தவர்கள் அந்த ஒரு பகுதியையாவது தனியாகப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் குதறல் என்றால் இங்கேயே வந்து எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

சிங்கைவாசகி:

ஐந்தாவதை மட்டும் பார்க்கிறேன். ஆனால் 2000இல் வந்த ஏழையும் முதலில் பார்த்துவிட்டுத்தான். போல்னாரெஃப் பழிதீர்க்காமல் நான் கெய்ரோவுக்குள் நுழைய மாட்டேன்.