வெங்கனில் ஒரு குடும்பமே நடத்துற ஹோட்டல், அம்மா அப்பாவோட போகலாமா?

மியூனிக் கோவைக்காரி:

வணக்கமுங்க. நாங்க மியூனிக்ல இருக்கோம். பிப்ரவரியில பையனுக்கு ஃபாஷிங் (கார்னிவல்) ஸ்கூல் லீவு ஒரு வாரம். அந்தச் சமயம் கோவையில இருந்து அம்மா அப்பாவும் வந்திருப்பாங்க. அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏறினா ராத்திரி தூக்கம் போயிரும். பையனுக்கு 7 வயசு, பனிச்சறுக்கு கத்துக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்.

சுவிஸ்ல வெங்கன் பாத்து வெச்சிருக்கேன். சறுக்குற இடத்தை ஒட்டியே ஒரு சின்ன ஹோட்டல், இருபது அறைதான், மூணு தலைமுறையா ஒரே குடும்பம் நடத்துறாங்களாம். காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் அறை வாடகையோட சேர்ந்தது. மர பால்கனிக்கு நேர் எதிர்ல யுங்ஃப்ராவ் மலை நிக்குது. படத்தைப் பாத்ததுல இருந்து மனசு அங்கயே போயிருச்சு.

ஆனா ராத்திரிச் சாப்பாடு ஆறரை மணிக்குன்னு போட்டிருக்கு. அறையில கெட்டில் கிடையாதாம். அம்மா அப்பா சுத்த சைவம், முட்டை கூடத் தொட மாட்டாங்க. வீட்டுக்காரர், "இன்டர்லாகன்ல சமையலறையோட ஒரு அபார்ட்மென்ட் எடுத்துக்கலாம், பிரச்சினையே இல்ல"ங்கறார். அப்படிப் போனா அஞ்சு நாளும் நான் அடுப்படியிலதான் நிக்கணும். அம்மாவும் சும்மா உக்காராது, கூட வந்து நின்னுக்கும்.

இந்த மாதிரி ஹோட்டல்ல தங்கினவங்க, அதுவும் வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

பேர்ன் அண்ணன்:

வணக்கம் தங்கச்சி. நான் 1990ஆம் ஆண்டிலயிருந்து பேர்ன் மாநிலத்தில இருக்கிறன். அதில 23 வருசம் கிரிண்டல்வால்ட் பக்கம் ஒரு குடும்ப ஹோட்டல் குசினியில வேலை. கோப்பை கழுவ எண்டு போனனான். பேந்து சலாட், பேந்து சூப், கடைசியில அடுப்புப் பக்கம் முழுக்க என்ர கையில வந்திட்டுது. நீங்கள் கேக்கிற இடத்தை நான் உள்பக்கத்தாலதான் பார்த்திருக்கிறன், அதைத்தான் சொல்லலாம்.

போங்கோ. அபார்ட்மென்ட் வேண்டாம். ஆனா காசு கட்டமுதல் அந்த ஹோட்டல்காரருக்கு நேர ஒரு மின்னஞ்சல் எழுதுங்கோ. புக்கிங் தளத்தில இருக்கிற சின்னப் பெட்டிக்குள்ள "வெஜிடேரியன்" எண்டு எழுதிப்போட்டு நம்பி இருக்காதேங்கோ. ஏன் எண்டு சொல்லுறன்.

ஒரு ஜனவரி மாதம், இந்தியாவில இருந்து ஒரு குடும்பம் வந்தது. அதில ஒரு வயசான அம்மா, சீலைக்கு மேல கம்பளிச் சட்டை, தலையில பேரன்ர தொப்பி. பதிவில "வெஜிடேரியன்" எண்டுதான் இருந்தது. அண்டைக்கு பார்லி சூப். காரட், லீக்ஸ், செலரி, பார்லி, வேற ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது. பரிமாறின பிள்ளை இறைச்சித் துண்டு இல்லைத்தானே எண்டு கொண்டுபோய் வைச்சிட்டுது. சூப்பின்ர அடி மாட்டெலும்பு அவிச்ச தண்ணி. நான் குசினி யன்னலால எட்டிப் பார்க்கேக்க அந்த அம்மா ரெண்டாவது கரண்டியைத் தூக்கிட்டா. ஏப்ரனோட ஓடிப்போய்த் தமிழில சொன்னன். அவவுக்குத் தமிழ் விளங்கேல்லை, என்ர முகம் விளங்கிட்டுது. கரண்டியைச் சத்தமில்லாமல் கோப்பைக்குப் பக்கத்தில வைச்சா. ஏசேல்லை, அழேல்லை. அடுத்த ரெண்டு நாளும் பாணும் ஜாமும் மட்டும்தான் சாப்பிட்டவ. எனக்கு அது இண்டைக்கும் மனசில கிடக்கு.

முதலாளியம்மா அண்டிரவு குசினியில வந்து நிண்டு, எது எதில என்ன இருக்கு எண்டு ஒண்டொண்டாக் கேட்டவ. அதுக்குப் பிறகு எங்கட ஹோட்டலில சூப்புக்கு அடி எப்பவும் மரக்கறித் தண்ணிதான். எலும்புத் தண்ணி வேற சட்டியில.

அதால நீங்கள் எழுதேக்க இப்பிடி எழுதுங்கோ: இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, எலும்புத் தண்ணி இல்லை, ஜெலட்டின் இல்லை. பால், வெண்ணெய், தயிர் சாப்பிடுவினம். சீஸையும் வீட்டில கேட்டுப்போட்டு எழுதுங்கோ. கிரூயேர் மாதிரிப் பாரம்பரிய சீஸுக்குப் பால் திரைய வைக்கிறது கன்றுக்குட்டியின்ர வயித்தில இருந்து எடுக்கிற ரென்னட். சிலருக்கு அது பரவாயில்லை, சிலருக்கு ஆகாது. ஃபொண்டூ எண்ட உருக்கின சீஸில வெள்ளை வைன் ஊத்துவினம், கிர்ஷ் எண்ட சாராயமும் கொஞ்சம் சேரும். ரோஸ்டி வெறும் உருளைக்கிழங்குதான், ஆனா எங்கட பேர்ன் பக்கத்து ரோஸ்டியில பன்றி இறைச்சித் துண்டு போடுற வழக்கம் இருக்கு. இங்கத்தை மக்ரோனியில கனக்க முட்டை சேர்த்துச் செய்தது. ஷ்பெட்ஸ்லே எண்ட சின்ன மாத்துண்டுகளுக்கு மாவே முட்டையிலதான் குழைக்கிறது.

பயந்து போகாதேங்கோ. இதையெல்லாம் ஒரு கிழமை முன்னம் ஒரு குசினிக்காரனுக்குச் சொன்னால் அவனுக்கு இது பெரிய வேலையே இல்லை. சாப்பாட்டு மேசையில இருந்துகொண்டு சொன்னால்தான் கையைப் பிசைவான்.

ஆறரை மணி ஏன் எண்டால், அங்க ஆக்கள் இல்லை. பெரிய ஹோட்டலில ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும். குடும்ப ஹோட்டலில காலமை ஆறு மணிக்கு வாசலில ஸ்னோ தள்ளுறவர்தான் ஏழு மணிக்குப் பாண் வெட்டுறவர், பின்னேரம் அவர்தான் கணக்கு எழுதுறவர். எல்லா மேசைக்கும் ஒரே நேரத்தில சமைச்சால்தான் சுடச்சுடக் குடுக்கலாம். உங்களுக்கு எண்டு ஒரு மேசை வைச்சிருப்பினம், போற நாள் வரைக்கும் அதே மேசை. துணி நாப்கினை மடிச்சு அறை இலக்கம் போட்ட ஒரு உறைக்குள்ள வைப்பினம். எங்கட முதலாளியம்மாவின்ர மாமி, அப்ப அவவுக்கு எண்பது வயசு, அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில இருந்து பின்னேரம் முழுக்க அதைத்தான் மடிப்பா. யார் அண்டைக்கு விழுந்தது, எந்தப் பிள்ளை பள்ளியில மெடல் எடுத்தது எல்லாம் அவவுக்குத் தெரியும்.

லிஃப்ட் இருக்கோ எண்டு கேக்காதேங்கோ. "வாசலில இருந்து கட்டில் மட்டும் எத்தினை படி?" எண்டு கேளுங்கோ. பழைய மர வீடுகளில லிஃப்ட் இருக்கும், ஆனா லிஃப்டுக்குப் போகவே ஆறு படி ஏற வேண்டி வரும்.

இன்ஸ்ப்ருக் வாசகன்:

நாங்கள் ஆஸ்திரியாவின் டிரோலில் இதே மாதிரி ஒரு இடத்தில் போன வருடம் தங்கினோம். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மியூனிக்கிலிருந்து காரில் போவதாக இருந்தால் சனிக்கிழமை கிளம்பாதீர்கள். ஆல்ப்ஸ் முழுக்க விருந்தினர் மாறும் நாள் அதுதான். நாங்கள் மாலை நான்கு மணிக்குச் சேர வேண்டியவர்கள் ராத்திரி பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒரு போன் செய்து சொல்லத் தோன்றவில்லை. கதவு பூட்டியிருந்தது, மைனஸ் 11 டிகிரி, கைக்குழந்தை வேறு. மணி அடித்ததும் அந்த வீட்டுப் பெரியவர் கம்பளிச் செருப்போடு வந்து திறந்தார். கோபமாகத்தான் இருந்தார். "ரோட்டில் என்னவோ ஆகிவிட்டதென்று என் மனைவி எட்டு மணியிலிருந்து ஜன்னலில் நிற்கிறாள்" என்றார். அன்றைக்கு எனக்கு உறைத்தது. மறுநாள் முதல் பத்து நிமிடம் தாமதம் என்றாலும் சொல்லிவிட்டுத்தான் போனோம்.

ஆஸ்திரியா வழியாகப் போனால் நெடுஞ்சாலைக்குப் பெரும்பாலும் விக்னெட் (சாலைக் கட்டண ஒட்டு) வாங்க வேண்டும், உங்கள் வழிக்குத் தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், குளிர்காலச் சக்கரம் கட்டாயம் போட்டிருங்கள். சுவிட்சர்லாந்துக்கு விக்னெட் தனி.

மியூனிக் கோவைக்காரி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. அண்ணா, அந்த சூப் விஷயத்தைப் படிச்சிட்டு அம்மாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அந்தத் தம்பி ஓடி வந்தாரில்ல, அது போதும்"னாங்க.

இன்னும் ரெண்டு கேள்வி. அம்மா அப்பா பகல் முழுக்க என்ன பண்ணுவாங்க? சறுக்காதவங்களுக்கு அங்க ஏதாவது இருக்கா, இல்ல அறையிலயே உக்காந்திருக்கணுமா? அப்புறம் கார் எங்க நிறுத்தறது? வெங்கனுக்குள்ள கார் போகாதுன்னு போட்டிருக்கு.

பேர்ன் அண்ணன்:

அம்மாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.

கார் லவுட்டர்புருன்னன் மட்டும்தான். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலயே மாடிக் கார் பார்க்கிங் இருக்கு, பெப்ரவரியில நிரம்பும், முதலே இடம் பிடியுங்கோ. அங்கயிருந்து பல்சக்கர ரயில், கால் மணித்தியாலம்கூட இல்லை. அந்தப் பாதை 1893ஆம் ஆண்டிலயிருந்து ஓடுது. லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின்ர அடியில 800 மீட்டரில கிடக்கு, குளிர்காலத்தில வெயில் கனநேரம் நிக்காது. வெங்கன் 1274 மீட்டரில, மலையின்ர தோளில இருக்கிற மாதிரி. ரயில் ஏற ஏற வெளிச்சம் மாறுறதை அப்பாவை யன்னல் பக்கத்தில இருத்திக் காட்டுங்கோ. எந்த ரயிலில வாறம் எண்டு முதலே சொன்னால் கனக்க ஹோட்டல்கள் ஸ்டேஷனுக்கு பற்றரியில ஓடுற சின்ன வண்டி அனுப்பும். பெட்டியோட அம்மாவையும் அதில ஏத்திவிடுங்கோ.

சறுக்காத ஆக்களுக்கும் அந்த ரயில்தான் பெரிய கொடை. அதே பாதை மேல கிளைன ஷைடெக்குக்குப் போகும், 2061 மீட்டர். இறங்கினவுடனை ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூண்டு மலையும் தலைக்கு மேல நிக்கும். ஒரு கோப்பி குடிச்சு, வெயிலில ஒரு மணித்தியாலம் இருந்துபோட்டு அடுத்த ரயிலில இறங்கலாம், ஒரு படி ஏறத் தேவையில்லை. போற வழியில பேரனுக்கு ஒண்டைக் காட்டச் சொல்லுங்கோ: லவுபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் போட்டிப் பாதை ரயில் தண்டவாளத்துக்குக் கீழால போற இடம் ஒண்டு இருக்கு. 1930ஆம் ஆண்டிலயிருந்து நடக்கிற போட்டி, நாலு கிலோமீட்டருக்கு மேல, உலகக் கோப்பையில அவ்வளவு நீளமான இறக்கம் வேற இல்லை. அந்தப் பாலத்துக்குக் கீழால வீரர்கள் ஒவ்வொருத்தரா அம்பு மாதிரிப் போவினம். போட்டி ஜனவரி நடுவில, நீங்கள் போகேக்க முடிஞ்சிருக்கும்.

அங்கயிருந்து இன்னும் மேல ரயில் போற யுங்ஃப்ராவ்யோக் 3454 மீட்டர். அப்பாவுக்கு இருதயமோ பிரஷரோ இருந்தால் கோவை டாக்குத்தரைக் கேட்டுப்போட்டுத்தான் ஏத்தோணும். மேல போனாலும் ஆறுதலா நடக்கச் சொல்லுங்கோ.

ஊருக்குள்ள நடக்கிற ரோட்டில ஸ்னோ இறுகிக் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். சப்பாத்துக்கு அடியில ரப்பரால மாட்டுற சின்ன முள்ளு விக்கினம், ரெண்டு பேருக்கும் முதல் நாளே வாங்குங்கோ. இதை மட்டும் நாளைக்குப் பார்ப்பம் எண்டு விடாதேங்கோ.

பெடியன்ர சறுக்குச் சப்பாத்தை அறைக்குக் கொண்டுபோகாதேங்கோ. கீழ ஸ்கீ அறை இருக்கும், சுவரில வரிசையாச் சூடான குழாய். சப்பாத்தைக் கவிட்டு அதில மாட்டிவிட்டால் விடியக் காய்ஞ்சு இளஞ்சூடா இருக்கும், சின்னக் கால் தானா உள்ள போகும். ஈரச் சப்பாத்தைக் காலமை போடச் சொல்லி அழுத பிள்ளையள் எத்தினையோ பேரை அந்தப் படிக்கட்டில பார்த்திட்டன். சறுக்குப் பள்ளி ஊருக்கு நடுவிலயே, சின்னவை பழகிற சரிவும் அங்கதான். தாத்தா ஓரத்தில நிண்டு பார்க்கலாம்.

ஹால்ப்பென்சியோன் எண்டால் காலமை, இரவுச் சாப்பாடு வாடகையோட சேர்ந்தது, அதில குடிக்கிறது அடங்காது. ஊர் வரியும் தலைக்கு இவ்வளவு எண்டு தனிய வரும். கடைசி நாள் கணக்கைப் பார்த்து மனம் நோகாமல் இருக்கத்தான் சொல்லுறன்.

மியூனிக் கோவைக்காரி:

அண்ணா, மெயில் போட்டேங்க. நீங்க சொன்ன மாதிரியே ஒவ்வொண்ணா எழுதினேன். மறுநாள் காலையிலேயே பதில் வந்திருச்சு, அந்த வீட்டு மருமகளே எழுதியிருந்தாங்க. வாசல்ல இருந்து கட்டில் வரைக்கும் மூணு படி இருக்கிற அறை ஒண்ணு இருக்கு, பால்கனி கிடையாது, ஆனா ஜன்னல்ல யுங்ஃப்ராவ் தெரியும், அம்மாவுக்கு அதை ஒதுக்கறேன்னு. "உங்க அம்மாவுக்கு முட்டி வலி எந்தக் கால்ல?"ன்னு வேற கேட்டிருந்தாங்க. குளிக்கிற இடத்துல கைப்பிடி வலது பக்கம்தான் இருக்காம். வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன், அபார்ட்மென்ட் பேச்சே எடுக்கல. அஞ்சு ராத்திரி போட்டாச்சு.

அம்மா இப்பவே ரசப்பொடி அரைச்சு வெச்சிருக்கு. சின்ன எலக்ட்ரிக் குக்கர் ஒண்ணு பெட்டியில வெச்சுக்கட்டுமான்னு கேக்குது.

பேர்ன் அண்ணன்:

குக்கர் வேண்டாம் தங்கச்சி. முழுக்க மர வீடு, பழைய வயர், அறைக்குள்ள ஆவி வந்தால் நெருப்பு அலாரம் அடிச்சு வீடே எழும்பும். கெட்டில் இல்லாததுக்கும் அதுதான் காரணம்.

பொடியைக் கொண்டுபோங்கோ. போய்ச் சேர்ந்த அண்டைக்கு, அஞ்சு மணிக்கு முன்னம், அம்மாவையே குசினி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையில குடுக்கச் சொல்லுங்கோ. ஆறு மணிக்குப் பிறகு போனால் ஆரும் தலை நிமிர்த்த மாட்டினம். ரெண்டு தக்காளி, ஒரு உள்ளி, கொதிதண்ணி எல்லாம் அங்க எந்த நேரமும் இருக்கும். புளி இராது, அதையும் ஒரு சின்ன உருண்டை வையுங்கோ. எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கிறது எண்டு டொச்சில (ஜெர்மன் மொழியில) ஒரு தாளில எழுதிக் குடுங்கோ, இல்லாட்டி ரசத்தை அரை மணித்தியாலம் கொதிக்க வைச்சுப்போடுவினம்.