கர்னால் பக்கத்துக் கிராமத்தில் பருவங்கள் எப்படி இருக்கும்?

மயூர் விகார் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாகத் தில்லியில் இருக்கிறோம். என் கணவருக்கு வங்கிக் கிளை மாற்றலாகி, வரும் அக்டோபரில் ஹரியானாவின் கர்னால் மாவட்டத்தில் இந்திரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் குடியேறப் போகிறோம். தில்லியின் வெயிலும் குளிரும் எங்களுக்குப் பழகியவைதாம். ஆனால் அடுக்குமாடிகளுக்கு நடுவே அறிந்த பருவம் வேறு, நாற்புறமும் வயல் சூழ்ந்த வெட்டவெளியில் அறியப்போகும் பருவம் வேறு என்றே தோன்றுகிறது. எங்களோடு வரவிருக்கும் என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது, மூச்சிரைப்பும் உண்டு. கும்பகோணத்தில் வாழ்ந்தவர் என்பதால், மழை, பனி, விதைப்பு, வடாம் போடுவது எல்லாவற்றையும் தமிழ் மாதக் கணக்கில்தான் நினைப்பார். அந்தக் கணக்கு அங்கே எந்த அளவுக்குப் பொருந்தும் என்று அங்கு வாழ்ந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கோதுமைக்கதிர்:

சகோதரிக்கு வணக்கம். கர்னாலில் கோதுமை ஆராய்ச்சிப் பணியில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது ஜனக்புரியில் வசிக்கிறேன்.

முதலில் ஐப்பசி அடைமழையை மறந்துவிடச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை அந்தச் சமவெளிக்கு இல்லை. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மி.மீ. மழை பெய்யும், அதில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்று ஆடியிலும் ஆவணியிலும் கொட்டிவிட்டுப் போவதுதான். வானிலைத் துறை 2020-இல் திருத்திய அட்டவணைப்படி, தில்லியில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 27, விலகும் நாள் செப்டம்பர் 25. கர்னாலும் ஏறத்தாழ அதே கணக்குத்தான். நீங்கள் போய் இறங்கும் அக்டோபரில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும்.

நம் ஊரில் இல்லாத இன்னொரு மழை அங்கே உண்டு. அதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல விரும்புகிறேன். மத்தியதரைக் கடல் பக்கத்தில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி வரும் காற்றுச் சுழல்களை மேற்கத்திய இடையூறுகள் என்பார்கள். இமயமலையில் பனியைக் கொட்டும் அவை, மார்கழியிலும் தையிலும் சமவெளிக்கு ஓரிரு நாள் தூறலைத் தந்துவிட்டுப் போகும். உழவர்கள் இதை ‘மாவட்’ என்பார்கள். அளவில் சிறிய மழைதான். ஆனால் தூர் கட்டி நிற்கும் கோதுமைக்கு, வானமே பார்த்துப் பாய்ச்சும் ஒரு தண்ணீர் அது. அந்தத் தூறல் விழும் காலையில் ஊரார் முகத்தைப் பாருங்கள், மழையின் மதிப்பு விளங்கும்.

மழை விலகியதும் வானம் தெளியும், காற்று அடங்கும். இரவில் நிலம் விரைந்து குளிர, ஈரமான பாசன வயல்களின் மேல் மூடுபனி திரளும். தில்லியிலும் மூடுபனி உண்டு என்றாலும், வயல்வெளியில் அது முன்னதாகவே இறங்கித் தாமதமாகத்தான் கலையும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத காலைகளில் உங்கள் கணவர் வண்டி ஓட்டக் கூடாது. நெடுஞ்சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வண்டிகள் மோதுவது அந்த நாட்களில்தான். குளிருக்காக அங்கீட்டி என்னும் கணப்புச் சட்டியில் கரி மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும் வழக்கமும் அங்கே இருக்கிறது. அதன் நச்சுவாயு ஆளையே கொல்லும் என்பதால் அதை வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள்.

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பதில் முதல் பாதி அங்கே முற்றிலும் உண்மை. உறைபனியில் உருளைக்கிழங்குச் செடி கருகிப்போகும். மாசியிலோ குளிர் தளர்ந்துவிடும். அதற்குப் பின் கோதுமை மணி பிடிக்கும் பங்குனியில் வெயில் முந்திக்கொள்ளுமோ, ஆலங்கட்டி மழை கதிரைச் சாய்த்துவிடுமோ என்று உழவர்கள் கவலைப்படுவார்கள். 2022 மார்ச், 1901-க்குப் பின் நாடு கண்ட மிக வெப்பமான மார்ச். மணிகள் சுருங்கி விளைச்சல் குறைந்தது. மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது. பயிர்க்கடன் கொடுக்கும் கிளையில் அமரப்போகும் உங்கள் கணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நரேலா ஆசிரியை:

பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மூச்சிரைப்பு உள்ளவரை அக்டோபரில் அங்கே அழைத்துச் செல்லாதீர்கள். நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் ஹரியானா இயற்றிய சட்டத்தின்படி, ஜூன் 15-க்கு முன் நெல் நடவு கூடாது. அதனால் அறுவடை பின்னுக்குப் போய், கோதுமை விதைப்புக்கு இடையே சில வாரங்களே மிஞ்சுகின்றன. இயந்திரம் அறுத்துவிட்டுப் போன நெல் தாளை வயலிலேயே தீயிடும் வழக்கத்துக்கு இந்த அவசரமும் ஒரு காரணம். தடையும் தண்டமும் இருந்தும் அது இன்னும் முழுமையாக நிற்கவில்லை. காற்று ஓயும் அந்த மாதங்களில் வெப்பக் காற்று மேலே மூடிபோல் அமர்ந்துகொள்ள, புகை தரையை விட்டு எழாது. தில்லிக்கு அனுப்பினாலும் பயனில்லை, வடமேற்குக் காற்றில் அதே புகைதான் இங்கும் வந்து சேர்கிறது. கார்த்திகையில் புகை அடங்கினால் பின்னாலேயே மூடுபனி. ஆகவே, அவர் மாசி பிறந்த பின் வருவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலோக்கேரி நினைவுகள்:

வடாமைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பங்குனிப் பிற்பாதியில் போட்டுவிடுங்கள் அக்கா. சித்திரை பிறந்ததும் கோதுமை அறுவடை தொடங்கி, உமியும் தூசியும் மொட்டை மாடியெல்லாம் படியும். வைகாசியில் ‘லூ’ என்னும் வறண்ட மேல்காற்று வீசும். வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடல் இழக்கும் நீர் நமக்கே தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சில மாலைகளில் மேற்கே பழுப்புச் சுவர்போல் ‘ஆந்தி’ எழும்பி வரும், கால்மணி நேரத்தில் வீடு முழுவதும் மண்ணாகிவிடும். தண்ணீர்க் கூலர் இந்த வறட்சியில் நன்றாக வேலை செய்யும்; ஆடிப் புழுக்கத்தில் அதனால் பயனே இல்லை.

வீடு பார்க்கும்போது, அது யமுனைக் கரையணைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவசியம் கேளுங்கள். இந்திரிப் பகுதி ஆற்றுக்கு அருகில்தான். 2023 ஜூலையில் கர்னால் மாவட்டத்துக் கரையோரக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. அதே வெள்ளம் கீழே தில்லிக்கு வந்தபோது, பழைய ரயில்வே பாலத்தில் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டு, அதுவரை உச்சமாக இருந்த 1978-இன் 207.49 மீட்டரைத் தாண்டியது.

மயூர் விகார் வாசகி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அத்தையிடம் படித்துக் காட்டினேன். மாசிமகம் முடிந்தபின் வருவதாகச் சொல்லிவிட்டார். பார்த்து வைத்திருக்கும் வீடு கரையணைக்கு எந்தப் பக்கம் என்று நாளையே விசாரிக்கிறோம். அவர் கேட்கச் சொன்னது ஒன்று: தில்லியில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலைக் கன்றை அக்டோபரில் அங்கே தரையில் நடலாமா?

கோதுமைக்கதிர்:

வேண்டாம் அம்மா. இந்தக் குளிர்காலம் தொட்டியிலேயே இருக்கட்டும். உறைபனி இரவுகளில் உள்ளே எடுத்து வையுங்கள். மாசியில் அவர் வந்து தம் கையாலேயே நடட்டும்.