ஒற்றை நத்தை முட்டையிட்டது எப்படி? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

கோச்சடைவாசி:
ஐப்பசி மழையில் வாழைப் பாத்தியிலிருந்து என் மகன் ஒரு பெரிய நத்தையைப் பிடித்து வந்தான். பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமண் போட்டு, வெள்ளரித் துண்டும் முட்டை ஓட்டுப் பொடியும் கொடுத்து வளர்க்கிறோம். துணைக்கு வேறு நத்தை கிடையாது. கார்த்திகை பிறந்த பிறகு மண்ணைக் கிளறினால், மஞ்சள் பாய்ந்த வெள்ளையில் ஒரு குவியல் முட்டை! "இதற்கு அப்பா யார்?" என்று மகன் கேட்கிறான். என் மாமியாரோ டப்பாவைத் தெருவில் வைக்கச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோழவந்தான் கொடிக்கால்காரன்:
அக்கா, அப்பாவும் அதுதான், அம்மாவும் அதுதான் என்று சொன்னால் பாதிதான் சரி. இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. ஒரே உடலில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. ஆனாலும் தனக்குத்தானே கருவுறுவது மிக அரிது, இணை வேண்டும். உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அது கூடியிருக்கும். வாங்கிய விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்து, ஈரம் கண்டதும் முட்டையிடும்.

மழை இரவுகளில் டார்ச் அடித்துக்கொண்டு கொடிக்காலுக்குள் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தலைக்குச் சற்றுப் பின்னே வலப்பக்கம்தான் இனப்பெருக்கத் துளை இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தழுவி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். நான் மடை பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் அப்படியேதான் இருக்கும். வளர வளர இதன் உடலில் விந்து முதலில் உருவாகும், கருமுட்டை பிறகுதான். அதனால் சிறிசும் பெரிசும் சேர்ந்தால், பெரும்பாலும் பெரிசுதான் முட்டையிடும்.

ரசித்தது போதும். இனி விவசாயியாகப் பேசுகிறேன். ஒரு தடவைக்கு 100 முட்டை சாதாரணம், 400 வரையும் போகும். 1847இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவை ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அந்த இனம் இன்று என் வெற்றிலையைத் தின்கிறது! முட்டைகளை மண்ணிலோ சாக்கடையிலோ வீசாதீர்கள். கொதிநீரில் போடுங்கள், இல்லையென்றால் ப்ரீசரில் உறைய வைத்துவிட்டுக் குப்பையில் சேருங்கள். மாமியார் பேச்சைக் கேட்டு நத்தையையும் வெளியே விட்டுவிடாதீர்கள். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் இந்த நத்தைக்குள் இருக்கலாம். மனிதருக்குள் போனால் மூளையுறையில் அழற்சி உண்டாக்கும்.

மேலூர்க்காரன்:
என் அனுபவம் நேர் எதிர். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம் பாயும் எங்கள் வயலில் கிடைக்கும் உருண்டை நத்தைகளைச் சிமெண்ட் தொட்டியில் வளர்க்கிறேன். கதவு போல மூடி உள்ள இனம். இதில் ஆண் வேறு, பெண் வேறு. ஆணின் ஓடு சற்றுச் சிறியது, கடைசிச் சுற்றும் அவ்வளவு உப்பியிராது. கூடுவதைப் பலமுறை பார்த்தும் முட்டையை மட்டும் காணவில்லை. இது தண்ணீருக்குள் முட்டையிடாது, கரையோர ஈரமண்ணில் குழி பறித்துத்தான் இடும் என்று மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார். தொட்டியின் ஒரு மூலையில் மண்ணைச் சரிவாகக் கொட்டி வைத்தேன். அடுத்த மழையிலேயே குழிக்குள் முட்டை. குளத்தில் இருக்கும் கரையைத் தொட்டியில் கொடுக்காமல் நத்தையைக் குறை சொல்லி என்ன பயன்?

கோச்சடைவாசி:
தம்பி, முட்டைகள் எல்லாம் கொதிநீருக்குப் போய்விட்டன. இரண்டையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகன் அழுதான்; வெற்றிலைக் கதையைச் சொன்னதும் அடங்கினான். மேலூர் அண்ணே, அந்த மூடி நத்தையில் ஒன்று கிடைக்குமா? ஆணாகப் பார்த்துக் கொடுங்கள்.