பவர்டேபிள் யூனிட்டுக்குக் கணக்கு பார்க்க யாரை வைப்பது?

ஓவர்லாக் அக்கா:

வணக்கம். திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் 14 பவர்டேபிள் (தையல்) மெஷின் போட்டு, கம்பெனிகள் தருகிற கட்டிங் பீஸை ஜாப் வொர்க்காக, கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். செக்கிங், பிசிர் வெட்டுகிற பெண்களையும் சேர்த்தால் 17 பேர். போன வருடம் பில் போட்டது 38 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்தால் கையில் என்ன நிற்கிறது என்று எனக்கே தெரியாது.

ஜி.எஸ்.டி.யை ஒரு கன்சல்டன்ட் பார்க்கிறார், மாதம் 1,000 ரூபாய். பில் புத்தகத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், "ஓகேக்கா" என்று பதில் வரும். மூன்று வருடம் இப்படியே ஓடியது. போன வாரம் வேலை கொடுக்கிற பார்ட்டி கம்பெனிக்குப் பேமென்ட் கேட்கப் போனால், அக்கவுண்ட்ஸ் பையன் மானிட்டரைத் திருப்பிக் காட்டுகிறான்: "ஏப்ரல், மே ரெண்டு மாசமும் உங்க பில் எங்க டூ-பியில ஏறவே இல்லைங்க." டூ-பி என்றால் நாம் ஏற்றிய பில் அவர்களுடைய ஜி.எஸ்.டி. கணக்கில் தெரிகிற பட்டியல்; அதில் ஏறினால்தான் அந்த வரியை அவர்கள் கழித்துக்கொள்ள முடியும். கன்சல்டன்ட் எனக்கு நில் ரிட்டர்ன், அதாவது பில்லே இல்லை என்று போட்டிருக்கிறார்! பில் தொகை 2,60,000. அதற்கான ஜி.எஸ்.டி. 13,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டது போதாதென்று அடுத்த பில்லையும் நிறுத்திவிட்டார்கள். கன்சல்டன்டைக் கேட்டால் போட்டோ தெளிவாக இல்லையாம். என் மேலும் தப்பு இருக்கிறது. இரண்டு மாதமாக வரி கட்டச் சொல்லி மெசேஜே வரவில்லை. வராத வரைக்கும் சந்தோஷம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது மூன்று வழி தெரிகிறது. டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) தெரிந்த முழுநேர அக்கவுண்டண்ட், 18,000 கேட்கிறார். பக்கத்து கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் வந்து எழுதித் தருகிறேன் என்கிறார், 6,000. அப்புறம் அவிநாசி ரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், மாதம் 3,500, "எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்கிறார்கள். அந்த "எல்லாம்" என்ற வார்த்தைதான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்காரர் "நீயே உட்கார்ந்து கத்துக்கோ" என்கிறார். ராத்திரி 9 மணி வரைக்கும் லைன் பார்த்துவிட்டு எங்கே உட்காருவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிரிண்டிங் பட்டறைக்காரன்:

அம்மணி, ஆளை வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் உங்கள் பெயருக்கு நேரே யாருடைய போன் நம்பர், யாருடைய மெயில் இருக்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசி கன்சல்டன்டின் நம்பர்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எட்டு மாதம் நோட்டீஸெல்லாம் அவர் மெயிலுக்கே போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தபோது ரெஜிஸ்ட்ரேஷனே சஸ்பெண்ட். அவர் பாஸ்வேர்டு தர மறுத்தால் சண்டை போட வேண்டாம். ஆதார், பான், ஜி.எஸ்.டி. சர்டிபிகேட்டோடு உங்கள் பகுதி ஜி.எஸ்.டி. ஆபீசுக்குப் போனால் அதிகாரியே போனையும் மெயிலையும் மாற்றித் தருவார்.

ஆள் விஷயத்தில் என் ஓட்டு அந்த 6,000 ரூபாய் தம்பிக்கு. காரணம் ஜி.எஸ்.டி. இல்லை, டி.சி., அதாவது சரக்கோடு வந்து போகிற டெலிவரி சலான். எங்கள் தொழிலில் காசு ஒழுகுகிற இடமே அதுதான். கட்டிங் பீஸ் 2,400 என்று டி.சி.யில் வருகிறது, நாம் 2,362 திருப்பி அனுப்புகிறோம். மீதி 38 டேமேஜா, வரும்போதே குறைவா என்று அன்றைக்கே எழுதாவிட்டால் மூன்று மாதம் கழித்து டெபிட் நோட்டு (நம் பில்லில் பிடித்தம் செய்கிற சீட்டு) வந்து நிற்கும். வாய் திறக்க முடியாது. என் பட்டறையில் பகுதிநேரமாக ஓர் ஆள் வந்த முதல் மாதமே டி.சி.களையும் பில்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார். இரண்டு டி.சி.க்கு நான் பில்லே போடவில்லை. 41,000 ரூபாய்! அதை வசூல் செய்த பணத்தில்தான் அவருக்கு அரை வருடச் சம்பளம் கொடுத்தேன்.

18,000 ஆள் இப்போதைக்கு வேண்டாம். 38 லட்சத்துக்கு மாதம் எத்தனை பில் வரும், பத்தா பன்னிரண்டா? மூன்று நாளில் முடித்துவிட்டு மீதி நாள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் செக்கிங் டேபிளுக்குத்தான் அனுப்புவீர்கள்.

லெட்ஜர் பொண்ணு:

அக்கா, நான் ஓர் ஆடிட்டர் ஆபீசில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் பயத்தை விடுங்கள், அந்த இரண்டு மாத பில்களைச் சரி செய்யலாம். ஜூன் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் (பில் விவரம் ஏற்றுகிற ரிட்டர்ன்) பழைய பில் நம்பர், பழைய தேதியோடு சேர்த்துவிட்டு, 3பி-யில் (வரி கட்டுகிற ரிட்டர்ன்) வரியை வட்டியோடு கட்டிவிட வேண்டும். வட்டி வருடத்துக்கு 18 சதவீதம். உங்கள் 13,000-க்கு ஏறக்குறைய முந்நூறு ரூபாயில் முடிந்துவிடும். நில் என்றாலும் தேதிக்குள் ரிட்டர்ன் போயிருந்தால் லேட் ஃபீ வராது. ஜூலை 11-ஆம் தேதிக்குள் அந்த ஜி.எஸ்.டி.ஆர்-1-ஐப் போட்டால் 14-ஆம் தேதி பார்ட்டியின் டூ-பியில் ஏறிவிடும். அதைக் காட்டிப் பணத்தைக் கேளுங்கள்.

"எல்லாம் பார்த்துக்கறோம்" பற்றி. நாங்கள் பார்ப்பது நீங்கள் கொடுக்கிற காகிதத்தை மட்டும்தான். பில் வந்தால் பதிவோம், வராத பில்லைத் தேடி யாரும் உங்கள் யூனிட்டுக்கு வர மாட்டோம். அதனால் தம்பியும் வேண்டும், ஆபீசும் வேண்டும் என்பேன். தினசரி வரவு செலவு, டி.சி., பீஸ் ரேட் எல்லாம் அவரிடம். ரிட்டர்னும் வருடக் கணக்கும் ஆபீசிடம். 3,500-க்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். வருமான வரி ரிட்டர்னுக்கு, நோட்டீஸ் வந்தால் பதில் போடுவதற்குத் தனிக் காசா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

போர்டில் இருப்பவர் சி.ஏ.தானா என்றும் பாருங்கள். நம் ஊரில் வரி பார்க்கிற எல்லோருமே ஆடிட்டர்தான்! மாத ரிட்டர்னுக்கு சி.ஏ. தேவையில்லை. ஆனால் பேங்க் லோனுக்கு சி.ஏ. சர்டிபிகேட் கேட்டால் அதில் 18 இலக்க யூ.டி.ஐ.என். நம்பர் இருக்க வேண்டும். அந்த நம்பரை நீங்களே சி.ஏ. இன்ஸ்டிட்யூட் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். 17 பேர் என்கிறீர்கள், இ.எஸ்.ஐ. பத்துப் பேரிலேயே தொடங்கிவிடும். பி.எஃப். இருபதில். எந்த நல்ல கணக்கர் வந்தாலும் முதல் வாரத்தில் இதைச் சொல்வார். சொல்லாவிட்டால் அவரைச் சந்தேகப்படுங்கள். இரண்டாவது, பார்ட்டி உங்கள் பில்லில் ஒரு சதவீதம் டி.டி.எஸ். (உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டுகிற வருமான வரி) பிடித்திருப்பார்கள். 38 லட்சத்துக்கு 38,000 ரூபாய். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கினீர்களா?

ஃபிளாட்லாக் தம்பி:

எல்லோரும் ஆளை வைக்கத்தான் சொல்கிறீர்கள். அக்கா, யாரை வைத்தாலும், இரண்டு ரிட்டர்னுக்கும் கெடு முடிந்த மறுநாள், மாதம் 12-ஆம் தேதியும் 21-ஆம் தேதியும் நீங்களே லாகின் செய்து, "ஃபைல்டு" என்று இருக்கிறதா, உங்கள் பில் கூட்டுத்தொகை சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம்தான். "ஃபைல்டு" என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள், நில் ரிட்டர்னிலும் அதுதான் வரும்.

ஓவர்லாக் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. போன் நம்பர் அவருடையதேதான்! பட்டறைக்கார அண்ணன் சொன்னபடி கேட்டதும் ஓ.டி.பி. சொல்லி உள்ளே விட்டுவிட்டார், என் நம்பருக்கு மாற்றிவிட்டேன். சண்டை வரவில்லை. அவருக்கும் விட்டால் போதும் என்றிருந்திருக்கும்.

தம்பியை அடுத்த வாரத்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன். ஆடிட்டர் ஆபீசில் என்னென்ன அடக்கம் என்று எழுதிக் கேட்டதும் 3,500 இப்போது 4,000 ஆகிவிட்டது. இ.எஸ்.ஐ. பேச்சை எடுத்ததும் வீட்டுக்காரர் முகம் போன போக்கு தனிக்கதை.

டி.டி.எஸ்.தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பிடித்த வரியெல்லாம் தெரிகிற 26ஏஎஸ் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தோம். போன வருடத்து 38,000-க்கு இந்த வருடம் ரிட்டர்ன் போட்டுவிடலாம். அதற்கு முந்தைய வருடம் 31,000 பிடித்திருக்கிறார்கள், ரிட்டர்னே போடவில்லை. அது போனதுதானா?

லெட்ஜர் பொண்ணு:

போகவில்லை அக்கா. கெடு முடிந்த வருடம் என்பதால் சாதாரணமாக ரிட்டர்ன் போட முடியாது. கெடு முடிந்த பிறகு போடுகிற அப்டேட்டட் ரிட்டர்னிலும் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வருமான வரித் துறைக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும், ஐந்து வருடம் வரைக்கும் வழி இருக்கிறது. ஏன் தாமதம் என்பதற்குக் காரணம் கேட்பார்கள். அந்த வாட்ஸ்அப் "ஓகேக்கா"க்களை அழித்துவிடாதீர்கள்.